வல்லைவெளிக்கு அப்பால்

தை மாதத்து வெயிலில் வல்லைவெளியைக் கடந்து, நெல்லியடியில் உறவினர் இல்லம் சேர்ந்தோம். முற்றத்துப் பாயிலே பிளந்த பனங்கிழங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. பச்சையாகக் காய்ந்தால் ஒடியல். அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல்.

வீட்டுத் தலைவியார் பாடசாலை ஆசிரியை. காலையில் அவருக்கு ஓய்வேது? ஆதலால் இரவே ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிடுகிறார். மேல்நீரை வடித்துப் புதுநீர் வார்த்து, இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தாற் கசப்பு நீங்கும். துணியிற் பிழிந்து தேங்காய்ப்பூச் சேர்த்தவித்தாற் பிட்டு. மீனும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் கூடினால் மாலைக்குக் கூழ்.

“1990களில் பாதை அடைபட்டு மா அருகிய நாட்களில், எங்களைக் காத்தது அம்மாவின் ஒடியற் பானைதான், அதனால் இன்றும் அதை வெறுமையாக விடுவதில்லை” என்றார் அவர்.

விடைபெறுகையில் ஒரு சிறு பொதி தந்தார். அன்பர்களே, உங்கள் அடுக்களையிலும் அப்படியொரு பானை இருக்கட்டும்.