கூட்டத்திற்குக் குறுக்கே

சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை ஒட்டி நாங்கள் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சாமையும் பலாவும் புளியும் விளையும் இம்மண்ணில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் எங்களோடு வாழும் பெரியம்மாவுக்கு 78 வயதிலும் நிறைவேறாத ஓர் ஆசை இருந்தது. கடலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அது.

2025 பொங்கல் விடுமுறையின் இறுதி நாளான ஜனவரி 19, ஞாயிறன்று அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று, நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி மாமல்லபுரத்தை அடைவது எங்கள் திட்டம். தென்மாவட்டங்களுக்குச் சென்றிருந்தோர் அனைவரும் அன்றுதான் அதே சாலையில், அதே திசையில் சென்னைக்குத் திரும்புவார்கள் என்பதை எண்ணிப் பார்க்கத் தவறினோம். படித்தவர்கள் என்று பெயர்!

அச்சிறுபாக்கத்தை நெருங்கியபோது ஊர்திகள் நின்றுவிட்டன. குன்றின்மேல் மழை மலை மாதா திருத்தலம் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் தெரிந்தது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவரது தவிப்பை முகத்தில் கண்டபோது இறங்கி ஒதுங்க இடமில்லை. முன்னும் பின்னும் பேருந்துகள். இறுதியில், பின்னால் நின்ற வண்டியிலிருந்து முன்பின் அறியாத இரு பெண்கள் இறங்கி வந்து, சாலையோரத்தில் ஒரு சேலையை விரித்துப் பிடித்தனர். திரும்ப வந்து அமர்ந்த பெரியம்மா எவரையும் பார்க்கவில்லை. “கடல் எங்கேயும் போயிடாது தம்பி. வீட்டுக்குப் போகலாம்” என்றார். அதன்பின் பல மாதங்கள் ஞாயிறு திருப்பலிக்குக்கூட அவர் வண்டியில் ஏற மறுத்து, நடந்தே சென்றார்.

எங்களுக்கு வழி காட்டியவர், மலையிலிருந்து பலாப்பழமும் புளியும் ஏற்றிச் சென்று, திரும்புகையில் கருவாடு கொண்டுவரும் ஓர் ஓட்டுநர். எங்கள் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. “கூட்டம் போற திசையில நீங்களும் போனா மாட்டிக்குவீங்க ஐயா. நமக்குக் கடல் கிழக்கே இருக்கு. கூட்டம் தெற்கும் வடக்கும்தானே போகுது? குறுக்கே வெட்டிப் போயிடுங்க” என்றார்.

எத்துணை எளிய உண்மை! போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, திண்டிவனம், மரக்காணம் என்பது அவர் சொன்ன வழி. திருவண்ணாமலை நகருக்குள் செல்ல வேண்டியதில்லை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டமும் குறுக்கிடாது. சென்னை நெடுஞ்சாலையைத் திண்டிவனத்தில் ஓரிடத்தில் மட்டும் கடந்தால் போதும். அதையும் விடுமுறையின் முதல் நாளிலோ இறுதி நாளிலோ செய்யாமல் நடு நாளில், வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும்.

சென்று திரும்பியவர் செல்ல இருப்பவருக்கு வழி சொல்வதைத் தமிழர் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். இம்மலைத் தொடருக்கு அருகிலுள்ள செங்கத்தின் தலைவன் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கானவர் பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆதலால் விடிந்தபின் செல்லுங்கள் என்று கூத்தரை எச்சரிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் சிலர் கருத்து. ஆக, எங்கள் பயணத்தின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டிகள் இருந்திருக்கின்றன. நாங்களோ ஒருவரையும் கேட்காமல் கைப்பேசியை நம்பிப் புறப்பட்டிருந்தோம்.

2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக அமைந்தது. விடுதலை நாளும் மரியன்னையின் விண்ணேற்பும், அடுத்த நாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்து ஞாயிறு. மூன்று நாள் விடுமுறை. பெரியம்மாவை இசைய வைக்க மூன்று வாரங்கள் ஆயின. “வழியில எங்கெல்லாம் இறங்கலாம்னு முதல்ல சொல்லு” என்றார். ஓட்டுநரைக் கேட்டு, நல்ல கழிவறை உள்ள பெட்ரோல் நிலையங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே அவர் சம்மதித்தார்.

வெள்ளியன்று திருவிழாத் திருப்பலி முடிந்ததும், வெளிச்சம் இருக்கையிலேயே மலையிறங்கிப் போளூரில் உறவினர் வீட்டில் தங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் இருளில் இறங்குவது எங்களுக்கு உகந்ததன்று. சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். சேத்துப்பட்டைக் கடக்கையில் லூர்து அன்னை ஆலயம் இருளிலிருந்து மெல்ல வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசியில், நாங்கள் சூடான இட்லி தின்றோம். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையைக் கடக்கச் சில நிமிடங்களே ஆயின. தெற்கே செல்ல வேண்டியவர்கள் முந்திய நாளே சென்றுவிட்டனர். திரும்ப வேண்டியவர்கள் இன்னும் புறப்படவில்லை.

மரக்காணத்தில் உப்பளங்களைக் கண்ட பெரியம்மா, “இதுதானா கடல்?” என்று ஏமாற்றத்துடன் கேட்டார். “இல்லை, இது சோற்றுக்கு உப்பு” என்றோம். மீனவக் குப்பத்தருகே வண்டியை நிறுத்தியபோது எட்டு மணிகூட ஆகவில்லை. கரையில் படகுகளும் வலை பிரிப்போரும் தவிர வேறு கூட்டமில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அலை வரை நடந்தார். நீர் கணுக்காலைத் தொட்டதும் எங்கள் கையை இறுகப் பற்றினார். பிறகு விட்டுவிட்டார். வெகுநேரம் பேசவேயில்லை. வலை பிரித்த மூதாட்டி ஒருவர் வந்து, “எந்த ஊரு ஆத்தா?” என்றபோதுதான், “மலை” என்று ஒற்றைச் சொல் சொன்னார்.

பத்து மணிக்குள் கிளம்பிவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிக் கார்கள் திரளத் தொடங்கியிருந்தன. பெரியம்மா ஈரச் சேலை ஓரத்தோடு பின்னிருக்கையில் உறங்கிப்போனார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டார் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கடலுக்குப் போவதாகக் கூறி எங்களிடம் வழி கேட்டனர். நாங்கள் வாய் திறக்குமுன், பெரியம்மா இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். “சேத்துப்பட்டு வழியாப் போங்க. நாலு மணிக்கே கிளம்பிடணும். வந்தவாசி தாண்டினதும் இடக்கைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கு வரும், அங்கே வயசானவங்களை இறக்கிவிடுங்க. வெள்ளையா உப்பு குவிச்சிருக்கும், அதைப் பார்த்துக் கடல்னு நினைச்சுடாதீங்க…”