பிழைத்தல்

எங்கள் ஆட்களிடம் ஒரு சாமான் பழுதாகிவிட்டால் முதலில் எழும் கேள்வி, "ஆர் இதைக் கடைசியாய்த் தொட்டது?" என்பதுதான். நான் வேலை செய்யும் ரெஸ்ரோரன்ற் சமையலறையிலும் இதுவே வழக்கம். கோப்பை கழுவும் இயந்திரம் நின்றால் பக்கத்தில் நிற்பவன் குற்றவாளி. உள்ளே மாதக்கணக்காகச் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

போன பனிக்காலத்தில் ஸ்காபரோவில், அக்கா வீட்டு பேஸ்மென்றில் இதே வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் பதினாறு வயது மருமகன். இரண்டு வருடமாகப் பனி வழித்தும், வீடு வீடாக விளம்பரத் தாள் போட்டும் சேர்த்த தொள்ளாயிரம் டொலருக்கு ஒரு பழைய கணனி வாங்கியிருந்தான். அதில் ஒரு யுத்த விளையாட்டு. தொடங்கி ஒன்பது பத்து நிமிடத்தில் திரை உறையும். விளையாட்டு தானாக மூடிக்கொள்ளும். 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற ஒரு வசனம் மட்டும் மிஞ்சும்.

பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான், கண்டதையும் ஏற்றி அவனே பழுதாக்கியிருப்பான் என்பது அத்தானின் தீர்ப்பு. மாத முடிவில் அதை வந்த விலைக்கு விற்றுவிடுவதென்றும் சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சூட்டுச் சத்தம் தொடங்கினால் அவ மேலே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொள்ளுவா. விளையாட்டு ஒன்பதாம் நிமிடத்தில் நின்றுபோவது அவவுக்கு ஆறுதலாகவே இருந்தது. பெடியன் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன் என்பது எங்கள் குடும்பத்தில் எனக்குரிய பட்டம். 2008 இல், இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் என்பதை ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கணனி சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு அண்மைக்காலத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2023, 2024 ஆம் ஆண்டுகளில், இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணனிப் புறொசெசர்கள் சிலவற்றில், அன்றியல் என்ஜினில் கட்டிய விளையாட்டுகள் இதே மாதிரி மூடிக்கொண்டன. திரையில் வந்ததும் இதே 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற வசனம். அதை வாசித்தவர்கள் கிறாபிக்ஸ் கார்ட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பிழை புறொசெசரில் இருந்தது. விளையாட்டு தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளைப் புறொசெசர் விரிக்க வேண்டும். விரிக்கும் கணக்கில் ஓரிடம் பிசகினால் தரவு பழுதாகும். அதைக் கண்ட நிரல், தனக்குத் தெரிந்த ஒரு காரணத்தைச் சொல்லி மூடிக்கொள்ளும். 2024 ஜூலையில் இன்ரெல் காரணத்தை அறிவித்தது: புறொசெசருக்குள் இருக்கும் கட்டளைத் தொகுதி, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டிருக்கிறது. ஓகஸ்ற்றில் திருத்தம் வந்தது. மூன்று வருட உத்தரவாதம் ஐந்தாக நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான புறொசெசரை அந்தத் திருத்தம் குணமாக்காது.

மருமகனுடைய புறொசெசர் அந்த வகை அல்ல, அதற்கும் முந்தியது. நோய் வேறு, குணங்குறி ஒன்று.

ஆய்வுகூடத்தில் முதல் வருடமே சொல்லித்தரும் ஒரு பாடம் உண்டு. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நடந்ததை எழுதி வை. ஒரு கொப்பியை எடுத்து மூன்று கோடு போட்டேன். திகதி, மாற்றியது, ஓடிய நிமிடம். நான் வேலை முடிந்து வர இரவு பதினொன்றாகும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் இருந்தோம்.

முதலில் விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கச் செய்தோம். ஒன்பது நிமிடம். கிறாபிக்ஸ் கார்ட்டின் இயக்கு மென்பொருளை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டோம். பத்து நிமிடம். அந்தக் கார்ட் ஏ.எம்.டி.யினுடையது. 1985 இல் இந்த ரொறன்ரோப் பக்கத்தில் குடிவரவாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஏ.ரி.ஐ. என்ற நிறுவனம் மார்க்கத்திலிருந்து கிறாபிக்ஸ் கார்ட் செய்து உலகெங்கும் விற்றது. 2006 இல் அதை ஏ.எம்.டி. வாங்கியது. எங்கள் சனம் வீடு வாங்கும் மார்க்கம்தான் என்று சொன்னபோது பெடியன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு வெப்பத்தைப் பார்த்தோம். புறொசெசர் 95 பாகையில் நின்றது. பெட்டியைத் திறந்தால் உள்ளே விசிறியின் மேல் எண்ணெய்த் தூசி கம்பளி போல ஒட்டியிருந்தது. எனக்கு அது நன்கு பழக்கமான சாமான். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் கூட்டின் வடிகட்டியில் கிழமைக்குக் கிழமை நான் கழுவுவது இதைத்தான். வழித்தெடுத்துத் துடைத்ததும் வெப்பம் 75க்கு இறங்கியது. ஆனால் விளையாட்டு ஒன்பதாம் நிமிடமே நின்றது. வெப்பம் ஒரு குறைதான், இந்தக் குறைக்குக் காரணம் அதுவல்ல. இரண்டையும் பிரித்து எழுதினோம்.

மிஞ்சியது நினைவகம். மெம்ரெஸ்ற் 86 என்ற நிரலை ஒரு யூ.எஸ்.பி.யில் ஏற்றி, வின்டோஸ் இல்லாமலே கணனியைத் தொடக்கினோம். அது நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதுதான் வருகிறதா என்று பார்க்கும். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். இரவு முழுக்க விட்டோம். விடிய, திரையில் சிவப்பு வரிகள்.

எட்டு ஜிகாபைட் 'ராம்' அட்டைகள் இரண்டு இருந்தன. சிலவேளை அட்டையை அதன் இயல்பான வேகத்துக்கு மேலே ஓடவிட்டாலும் இப்படி வரும். ஆகவே அந்த வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். பிழை நிற்கவில்லை. ஒவ்வோர் அட்டையையும் தனியே, இரண்டு துவாரத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஓர் அட்டை எங்கே போட்டாலும் சுத்தம். மற்றது எங்கே போட்டாலும் பிழை. பிழையான அட்டையைக் கழற்றி வைத்தோம். அன்றிரவு விளையாட்டு இரண்டரை மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

எட்டு ஜிகாபைட் என்றால் ஏறக்குறைய 6,870 கோடி பிற்றுகள். அதில் ஒரு சில இடங்களில் மட்டும், எழுதிய ஒன்று பூச்சியமாகத் திரும்பி வந்தது. மற்றதெல்லாம் சரி. அந்த அட்டையைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் சமையலறையில் கோப்பை கழுவும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவருடைய அகதி விசாரணையில், இரண்டு கடதாசிகளில் ஒரு சம்பவத்தின் மாதம் வேறு வேறாக இருந்தது. சம்பவம் நடந்ததா என்ற கேள்வியை விட எந்த மாதம் என்ற கேள்விக்கே கூட நேரம் போனது என்பார். பங்கருக்குள் இருந்தவனிடம் கலண்டர் இல்லை. ஓரிடம் பிசகினால் முழு நினைவும் பிசகு என்று எழுதிவிட்டார்கள். இரண்டாம் முறைதான் அவருக்குக் கிடைத்தது. அதற்கிடையில் நாலு வருடம் போனது. ஊரில் தாயும் செத்துப்போனா.

தமிழில் பிழைத்தல் என்ற ஒரே சொல் தவறுவதையும் குறிக்கும், உயிர் தப்புவதையும் குறிக்கும். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை இரண்டும் அநேகமாக ஒன்றாகத்தான் நடந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். நாலு சுற்று, ஓர் இரவு, ஒரு கொப்பி.

அத்தான் கொப்பியை வாங்கி முழுக்க வாசித்தார். விற்கிற கதையைப் பிறகு எடுக்கவில்லை. அக்காவுக்காக ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். சத்தம் இப்போது அவன் காதுக்குள் மட்டும். ஆனாலும் அவ இடைக்கிடை படியில் நின்று, சத்தமில்லாமல் ஓடும் அந்தத் திரையைப் பார்த்துவிட்டுப் போவா.

கடைசி இரவு, பெட்டியை மூடித் திருகாணி பூட்டும்போது மருமகன் கேட்டான்: "மாமா, நீங்கள் ஏன் கம்பஸை விட்டனீங்கள்?"

இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. இருந்து சொன்னேன். ஒவ்வொன்றாக, வரிசையாக. திகதி நிச்சயமாகத் தெரிந்த இடங்களில் திகதியோடு. தெரியாத இடங்களில் தெரியாது என்று சொல்லி. அவன் இடையில் மறிக்கவில்லை.