எண்ணும் எழுத்தும் எம் தொழிலும்

விழா மலருக்குக் கட்டுரை வரைந்தனுப்புமாறு சங்கத்தார் பணித்தபோது, வைத்தியராயும் நியாயவாதியாயும் உயர்ந்த தோழர்கள் நடுவே, ஆசுப்பத்திரி எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறிய நாம் எழுதத்தக்கது யாதெனச் சிந்தித்தோம். கல்லூரி எமக்கு எண்ணையும் எழுத்தையும் தனித்தனியே கற்பித்தது. எமது உத்தியோகமோ அவ்விரண்டையும் ஓரிடத்திற் சேர்த்தெழுதுவதாயிற்று. அதுபற்றியே சில கூறுவோம்.

நோயாளி வீடு திரும்பினாலும் இறந்தாலும், அவருடைய சீட்டு பதிவறைக்கு வந்துசேரும். வைத்தியர் எழுதிய நோயின் பெயரை வாசித்து, சர்வதேச நோய்ப் பகுப்பேட்டின்படி அதற்குரிய குறியீட்டை இடுதல் எமது வேலை. 1893இலே பாரிசு நகரத்து ஜாக் பெர்த்தியோன் வகுத்த மரண காரணப் பட்டியலே இவ்வேட்டுக்கு மூலம். 1948இலே உலக சுகாதார தாபனம் அதனைப் பொறுப்பேற்று, ஆறாந் திருத்தத்தில் மரணங்களோடு நோய்களையுஞ் சேர்த்தது. அதே 1948இலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. நோய்களெல்லாம் உலகக் கணக்கில் ஏறிய ஆண்டில் நம்மவர் நாட்டுக் கணக்கினின்றும் இறங்கினர்.

பற்றீரியாக் கிருமிகளாற் குருதி நஞ்சாகுங் கொடிய நோய்க்குப் பத்தாந் திருத்தத்திலே ஒரே குறியீடு இல்லை. ஸ்ட்ரெப்டோகொக்கசுக் கிருமியாயின் ஏ 40. ஸ்டபிலோகொக்கசு ஓரியசு எனின் ஏ 41.0, கிருமி இன்னதென்று குறிக்கப்படாவிடின் ஏ 41.9, பிரசவத்தின் பின் தாய்க்கு வந்தால் ஓ 85, பச்சிளங் குழந்தைக்காயின் பீ 36. வெளியார்க்கு இவை வெறும் அடையாளங்கள். ஆயினும் ஓ 85 மிகுந்தாற் பிரசவ அறையின் சுத்தத்தை நோக்கவேண்டும். ஏ 41.9 மிகுந்தால், கிருமியைக் கண்டறியும் ஆய்வுகூட வசதி போதுமோவென வினவவேண்டும். எந்த மருந்து எத்துணை தேவை என மேலிடத்தார் கணிப்பதற்கும் இவை உதவுவன.

பூனாகலை எமது பிறந்த மண். அங்கிருந்து ஒரு முறை கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை நாம் பணிசெய்த ஆசுப்பத்திரிக்குக் கொணர்ந்தனர். கவ்வாத்து மலையிலே மிலாறு அவள் காலிற் குத்தியிருந்தது. பேர் போய்விடுமென்று மூன்று நாட் காய்ச்சலோடும் மலைக்குச் சென்றிருக்கிறாள். வந்தபோது மூச்சு விரைந்து, நினைவு தடுமாறி, இரத்த அழுத்தந் தாழ்ந்திருந்தது. மறுநாள் விடியுமுன் உயிர் நீத்தாள்.

சீட்டின் இறுதியில் 'இருதயம் நின்றது' என்றிருந்தது. இறப்பவர் எவர்க்கும் இருதயம் நிற்கும். அது மரணத்தின் வகையேயன்றிக் காரணமன்று. நோய்ப் பெயரை எழுதுவினைஞர் தாமாக மாற்றுதலும் முறையன்று. ஆகவே, அவள் இறந்தபின் வந்துசேர்ந்த இரத்தப் பரிசோதனை முடிவையும் இணைத்துச் சீட்டை வைத்தியரிடம் எடுத்துச் சென்றோம். இரவெல்லாம் கண்விழித்திருந்த இளைஞர் அவர். சினவாது முழுவதையும் வாசித்து, ஸ்டபிலோகொக்கசு ஓரியசினாற் குருதி நஞ்சானமையையும், அதற்கு வழியான காற்புண்ணையும் எழுதிக் கையொப்பமிட்டார். நாம் ஏ 41.0 என்று பதிந்தோம்.

சில நாட் கழித்து அவள் மகன் கடதாசி அலுவலாக வந்தான்.

"ஐயா, அம்மா எதனால செத்தாங்கன்னு எழுதியிருக்கு? லயத்துல ஏதோ செய்வினைன்னு பேசிக்கிறாங்க" என்றான்.

"செய்வினையில்லைத் தம்பி. காலிற் பட்ட புண்ணிலிருந்து கிருமி இரத்தத்திற் பரவிவிட்டது" என்றோம்.

"அப்ப நேரத்தோட கொண்டாந்திருந்தா?" என்றான்.

பிழைக்க வழியிருந்திருக்கும் என்பதை மறைக்க எமக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்டவன் நெடுநேரம் வாங்கிலேயே அமர்ந்திருந்தான். பின் எழுந்து, "தங்கச்சியும் மலைக்குத்தான் போகுது, சொல்லி வைக்கிறேன்" என்று கூறிச் சென்றான்.

2017ஆம் ஆண்டிலே உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேரை இந்நோய் பீடித்ததென்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனரென்றும் 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. மதிப்பீடே ஆயினும், அதற்கு ஆதாரம் எங்கோ ஒரு பதிவறையிலே எவரோ இட்ட குறியீடுகளே. 2022இலே நடைமுறைக்கு வந்த பதினொராந் திருத்தம் இந்நோய்க்கு 1ஜி 40 எனப் புதுக் குறியீடு வகுத்துள்ளது. குறியீடு மாறினும் வேலையின் பொறுப்பு மாறாது.

நாளை வைத்தியராகப்போகும் மாணவச் செல்வங்களுக்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. களைத்திருக்கும் இராப்பொழுதிலும் மரண காரணத்தைத் தெளிவுற எழுதுங்கள். தோட்டப்புறத்து உறவினருடைய மாணவர்கள், புண்ணோடு காய்ச்சலும் நடுக்கமும் மயக்கமுங் கண்டால் ஒரு நாட் பேரைப் பாராது ஆசுப்பத்திரிக்கு அழைத்துச் செல்லுமாறு வீட்டாருக்கு எடுத்துரையுங்கள். எண்ணும் எழுத்தும் தந்த கல்லூரித் தாய் நீடு வாழ்க.