கேஜ்

நான்காம் இயல் என்ன ஆயிற்று என்று நெறியாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரங்களின் பெரும்பகுதியைக் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டனில் உள்ள எங்கள் வீட்டு வாசலில், ஒரு பிக்கப் வண்டியின் அடியில் கோணிப்பை விரித்துப் படுத்தபடி கழித்தேன். கையில் பேனா இல்லை, ஸ்பேனர் இருந்தது. (ஊர்ப்பெயரைக் கேட்டதும் எலும்புக்கூடா என்று சிரிக்கும் நண்பர்களுக்கு: ஒலி அதேதான். இங்கே பிறந்தவர்களுக்கு எலும்பு நினைவுக்கு வருவதில்லை, வீடுதான் வருகிறது.)

வண்டி நைனாவுடையது. வழியில் பழுதாகி நிற்கும் கார்களை இழுத்து வருவது அவர் தொழில். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தைந்து, எனக்கு மூன்று. அக்கம்பக்கத்தார் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். நைனாவால் அது இயலவில்லை. சுரங்கத்தினுள் பாறை விழுந்து அவருடைய இடக்கால் பாதம் ஏற்கெனவே நசுங்கியிருந்தது. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலை என்று ஓட்டுநரானார். ஆனால் கிளட்சை மிதிப்பதும் அதே இடக்கால்தான். இரவில் வீடு திரும்பி, பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் நைனாவைப் பார்த்துக்கொண்டேதான் நான் பள்ளிப்பாடம் படித்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் கடன் வாங்கி, ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். இழுவைத் தொழிலில் இருப்போர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் உண்டு. கிளட்ச் மிதி இல்லாத வண்டியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அது எண்ணெயை எதிரே உள்ள இன்னொரு விசிறியின்மேல் வீசுகிறது. அந்த இரண்டாம் விசிறியின் சுழற்சிதான் கியருக்குப் போகிறது. டார்க் கன்வர்ட்டர் என்பது இவ்வளவே. சமதரையில் சீராக ஓடும்போது இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் பின்னால் ஒரு காரைக் கட்டிக்கொண்டு மெதுவாக மலையேறும்போது அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. ஒரு விசிறி வேகமாகவும் மற்றது மந்தமாகவும் சுழல, இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. எண்ணெய்க்கு 80 முதல் 95 டிகிரி வரை பழக்கமான சூடு. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. 120-ஐத் தாண்டினால் உள்ளே பிசின்போல் படியத் தொடங்கும். பிறகு ரப்பர் சீல்கள் இறுகும். கிளட்ச் தட்டுகள் வழுக்கும்.

இவ்வளவும் உள்ளே நடந்துகொண்டிருக்க, ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு சிறு விளக்கு. சென்ற ஆண்டு, சித்தூர்ப் பக்கமிருந்து பலமநேருக்கு ஏறும் மொகிலி மலைப்பாதையில் அது எரிந்தது. மறுநாள் எண்ணெயை இறக்கிப் பார்த்தபோது, சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார் மெக்கானிக். வண்டிக் கடனில் இன்னும் இரண்டாண்டுத் தவணை மீதம்.

2024 டிசம்பரில் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி எங்கள் பக்கம் வரை திறந்துகொண்டதிலிருந்து நைனாவுக்கு அழைப்புகள் கூடியிருந்தன. வேலை வரும் காலத்தில் வண்டி படுத்துவிடுமோ என்ற அச்சமும் கூடியது. பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தபோது சொன்னார்: "விளக்கு எரிஞ்சப்புறம் தெரிஞ்சு இன்னா புண்ணியம் பாப்பா? ஏறும்போதே தெரியணும். ஒரு கேஜ் போடணும்."

இந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். என் ஆய்வு தங்கவயல் தமிழில் கலந்துள்ள சுரங்கச் சொற்களைப் பற்றியது. எங்கள் ஊரில் 'கேஜ்' என்றால் முதலில் சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டு. அளவு காட்டும் கருவி பிறகுதான். ஆங்கிலத்தில் இவை இரண்டு சொற்கள். முதல் ஒலியே வேறு. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒரே உருவம் பெறுகின்றன. பேச்சிலாவது வேறுபாடு இருக்கிறதா என்று நைனாவின் குரலைப் பதிவுசெய்து மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. இரண்டுக்கும் அவரிடம் ஒரே கேஜ்தான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆள்கள் வேலை செய்தார்கள். தாத்தா அந்தத் தலைமுறை. கூண்டை ஏற்றி இறக்கும் பொறியை இயக்குபவர் கூண்டைப் பார்ப்பதில்லை. அவர் இருப்பது தரைமேல், ஒரு கூடத்தில். அவருக்கு முன்னால் ஒரு முள் இருக்கும். கூண்டு எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை அது காட்டும். மணி ஒலிக்கும். அந்த முள்ளையும் மணியையும் நம்பித்தான் கம்பிவடத்தை விடுவார், நிறுத்துவார். நைனா இதைச் சொன்னபோது, "அப்போ கேஜுக்கு ஒரு கேஜ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த முள்ளு மேலதான்டா உங்க தாத்தா தினம் வீட்டுக்கு வந்தாரு" என்றார்.

கருவியை வாங்குவது எளிதாக முடிந்தது. எங்கே பொருத்துவது என்பதில் இரண்டு நாள் வாக்குவாதம். கியர்பாக்ஸின் அடித்தொட்டியில் சென்சாரை வைத்தால் மொத்த எண்ணெயின் சராசரிச் சூடு தெரியும், நிதானமான அளவு. எண்ணெய் குளிர்ந்து திரும்பி வரும் குழாயில் வைத்தால் மிகக் குறைவாகக் காட்டும். கன்வர்ட்டரிலிருந்து வெளியேறி ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் வைத்தால் உச்சச் சூடு தெரியும். முள் ஆடிக்கொண்டே இருக்கும். நான் அடித்தொட்டி என்றேன். நைனா வெளியேறும் குழாய் என்றார். "காத்து வர்ற வழியில தெர்மாமீட்டர தொங்கவுட்டா ஒரு கணக்கு. ஆளு நிக்கிற எடத்துல தொங்கவுட்டா ஒரு கணக்கு. எனக்கு ஆளு நிக்கிற எடம் தெரிஞ்சா போதும்." அதற்குமேல் என்னிடம் மறுமொழி இல்லை.

குழாயை அறுத்து நடுவே பித்தளை 'டீ' ஒன்றை, இருபுறமும் எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கினோம். டீயின் வாயில் சென்சார். ஒழுகக் கூடாதே என்று மரையில் டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றியவள் நான். வீட்டுக் குழாய்க்குச் செய்யும் அதே பக்குவம். சாவியைத் திருப்பினால் முள் அசையவே இல்லை. அரைநாள் தேடியபின் புரிந்தது: இந்தச் சென்சாருக்கு ஒற்றைக் கம்பிதான், மின்சுற்றின் மறுபாதி அதன் உடல் வழியாக வண்டியின் இரும்புக்குப் போக வேண்டும். எங்கள் டீயோ இரண்டு ரப்பர்களுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கியது. டீயிலிருந்து சட்டத்துக்கு ஓர் எர்த் கம்பி இழுத்துக் கட்டியதும் முள் எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் மாலை சித்தூரில் நின்றிருந்த காரை எடுக்க நானும் உடன்போனேன். திரும்பும்போது மொகிலி ஏற்றத்தில் முள் 78-இல் நின்றது. இன்னும் ஏறினோம். 79. "பார்த்தீங்களா நைனா, வீணா பயந்தோம்" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினார். சட்டென்று ஓரம் கட்டினார்.

"தீயிற வாசன வருது."

"கேஜ் எழுபத்தொம்பதுதான் காட்டுது."

"முள்ளு பொய் சொல்லுது பாப்பா."

கருவி பொய் சொல்லாது என்று நான் ஏதோ சொன்னேன். அறிவியல், அளவீடு, மூக்கை நம்பலாமா என்றெல்லாம். அந்தப் பேச்சை இப்போது எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. அவர் வாதாடவில்லை. எஞ்சினை நிறுத்தாமல் நியூட்ரலில் ஓடவிட்டார். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றும், சுற்றினால்தான் ஆறும். முக்கால் மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். இருட்டியபின் நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் சென்சாரைக் கழற்றினேன். அம்மாவின் பால் பாத்திரத்தில் தண்ணீரை வாசலிலேயே கொதிக்கவிட்டு (இதற்காக அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை), எர்த் கம்பியை அதன் உடலிலேயே கவ்வவைத்து நீரில் மூழ்கடித்தேன். முள் 100-க்குச் சற்றுக் கீழே நின்றது. "மூணு டிகிரி தப்பு" என்றேன். "நூறுன்றது கடலோரத்துக் கணக்கு. நாம மேட்டுல இருக்கோம்" என்றார் நைனா. உண்மைதான். சுமார் 850 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தாத்தா வேலை செய்த ஆழமோ கடல்மட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டருக்குமேல் கீழே. அங்கே காற்றழுத்தம் கூடுதல் என்பதால் 100-ஐத் தாண்டித்தான் நீர் கொதிக்கும்.

ஆக, சென்சார் சரி, கேஜ் சரி. தவறு இடையில். மரையில் நான் சுற்றிய டெஃப்லான், சென்சாருக்கும் டீக்கும் நடுவே மின்னோட்டத்தை அரைகுறையாகத் தடுத்திருக்கிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகைச் சென்சார் இது. டேப்பால் கூடிய தடையைக் கேஜ் 'குளிர்ச்சி' என்று படித்துக்கொண்டது. முற்றிலும் அறுந்திருந்தால் முள் படுத்திருக்கும், நாங்களும் நம்பியிருக்கமாட்டோம். பாதி தொட்டுக்கொண்டிருந்ததால்தான் நம்பத்தகுந்த ஓர் எண்ணைக் காட்டியது. அந்த எண்ணை நம்பி நைனா அன்று மேலும் ஐந்து நிமிடம் ஏறியிருந்தால் ஒன்றரை லட்சம் போயிருக்கும். வண்டியும் தவணையும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒழுகாமல் இருக்கச் செய்த மூன்று சுற்று.

டேப்பை உரித்து, மரையைத் துடைத்து, வெறும் உலோகத்தோடு உலோகமாக முறுக்கினேன். ஒரு துளிகூட ஒழுகவில்லை.

இப்போதைய கணக்கு இது: சமதரையில், பின்னால் காருடன், 88. மொகிலி ஏற்றத்தின் தொடக்கத்தில் 97. பாதியில் 112. அங்கேயே கியரைக் கையால் இரண்டாவதில் நிறுத்தி, வேகத்தைச் சீராகப் பிடித்தால் பூட்டு விழுகிறது, 105-க்கு இறங்குகிறது. டிரைவில் விட்டுவிட்டால் 119 வரை போகிறது. அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தோம், உடனே நிறுத்திவிட்டோம். நைனா கேஜின் கண்ணாடியில் 110-க்கு நேரே சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். நெயில்பாலிஷ் என்னுடையது.

தனியாக ஒரு ஆயில் கூலர் பொருத்த வேண்டும். அடுத்த மாதம் பணம் சேர்ந்ததும் வாங்குகிறோம். அதுவரை மொகிலிப் பக்கம் இரவில் மட்டும் போவதாக ஏற்பாடு. நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு அழைப்பு வந்து போனார். ஒரு மணிக்கு அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. "நூத்தி மூணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

நான்காம் இயல் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், ஐயா. 'கேஜ்' பற்றிய பகுதி மட்டும் இரண்டு பக்கம் நீண்டுவிட்டது.