வெள்ளிக்கிழமைக் கூட்டம்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினைப் பார்க்கப் போகிறவர்கள் சாதாரணமாக லிஃபி நதியையும், டிரினிடி கல்லூரியையும், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் கெல்ஸ் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் ஊரின் மனசை அறிய வேண்டுமானால், அந்த ஊர் ஜனங்கள் சொந்தக் காசைக் கொடுத்து எங்கே போய்க் கூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆகவே, நேயர்களே, நதியைத் தாண்டி வடக்கே பிப்ஸ்பரோ என்னும் பேட்டைக்கு வாருங்கள்.

செங்கல் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்கும் பேட்டை அது. அந்த வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது, டாலிமவுண்ட் பார்க் என்னும் கால்பந்து மைதானம். 1901-ல் திறந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே ஓங்கி நிற்கும் விளக்குக் கம்பங்கள்தான் அடையாளம். உள்ளே போக ராஜபாட்டை கிடையாது, சந்துகள்தான் உண்டு. ஆட்டம் உள்ள வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சந்துகளில் சிவப்பும் கறுப்புமாகக் கழுத்துத் துணி சுற்றிய கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேரன். வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதப் பொட்டலத்தில் ஏந்தியபடி இளம் தம்பதிகள். அந்தப் பேட்டையின் சொந்த அணிக்கு பொஹிமியன்ஸ் என்று பெயர். 1890-ல் பிறந்த சங்கம். அதற்கு முதலாளி கிடையாது. சந்தா கட்டும் அங்கத்தினர்களே சொந்தக்காரர்கள்.

"இதில் என்ன அதிசயம்? ஐரோப்பாவில் கால்பந்துக்குக் கூட்டம் வராமல் வேறு எதற்கு வரும்?" என்று கேட்பீர்கள். அயர்லாந்தின் விஷயமே வேறு. அந்த நாட்டு லீக் 1921-ல் ஆரம்பமாயிற்று. அன்று முதல் "இன்று எத்தனை பேர் வந்தார்கள்?" என்ற கேள்வியே அதன் நாடித்துடிப்பாக இருந்து வருகிறது. கோல் கணக்கைவிடத் தலைக் கணக்குக்காகக் கவலைப்பட்ட காலமும் உண்டு.

ஊர்ப் பிள்ளை

பொற்காலம் என்று பெரியவர்கள் சொல்வது 1950-களையும் 1960-களையும்தான். 1957 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்காக இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி இதே டாலிமவுண்டுக்கு வந்தது. எதிர்த்து ஆடியது டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ். சுமார் 45,000 பேர் கூடினார்கள். உள்ளூர் அணி ஆறு கோல் வாங்கி, ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றது.

ஆனால் அந்த ஆறில் இரண்டு கோல்களைப் போட்டவர் வேறு யாருமல்ல. மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள கேப்ரா பேட்டையில் பிறந்து வளர்ந்த லியம் வீலன்! தோற்றது நம் அணி என்று அழுவதா, அடித்தது நம் பையன் என்று சிரிப்பதா? அந்தக் கூட்டம் எப்படித் தவித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து மாதம் கூட ஆகவில்லை. 1958 பிப்ரவரியில் மியூனிக் நகரில் நடந்த விமான விபத்தில் வீலன் மாண்டுபோனார். வயது இருபத்திரண்டுதான். இன்று கேப்ராவில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அயர்லாந்துக் கால்பந்தின் சங்கடம் முழுவதும் இந்த ஒரு பிள்ளையின் கதையில் அடங்கியிருக்கிறது. கெட்டிக்காரப் பையன்கள் பதினேழு, பதினெட்டு வயதில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள். ஊர் ஜனங்களின் மனமும் அவர்கள் பின்னோடு போய்விட்டது. 1964-ல் இங்கிலாந்தின் பி.பி.சி. சனிக்கிழமை இரவுகளில் கால்பந்துக் காட்சிகளைத் தொடர்ந்து காட்டத் தொடங்கியது. அயர்லாந்தின் கீழ்க்கரையில் இருந்தவர்கள் கூரைமேல் ஏரியலைக் கொஞ்சம் திருப்பினால் போதும், லிவர்பூலும் மான்செஸ்டரும் கூடத்துக்கே வந்துவிடும்! பிறகு யார் மழையில் நனைந்துகொண்டு ஈரப் படிக்கட்டில் நிற்பார்கள்?

வீட்டுக்குள்ளேயே வேறொரு போட்டியும் இருந்தது. கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்ற சுதேசி ஆட்டங்களே அந்த நாட்டாரின் உயிர். அவற்றுக்கான குரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் கூடலாம். அந்த ஆட்டங்களை நடத்தும் சங்கம், தன் அங்கத்தினர்கள் 'அந்நிய' ஆட்டங்களை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று விதி வைத்திருந்தது. 1938-ல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், அயர்லாந்தும் போலந்தும் மோதிய கால்பந்து ஆட்டத்துக்கு டாலிமவுண்டுக்கு வந்தார். ஜனாதிபதி என்ற முறையில் மரியாதைக்காக வந்தவர்தான். சங்கம் சும்மா விடவில்லை; தன்னுடைய புரவலர் பட்டியலிலிருந்து ஜனாதிபதியையே நீக்கிவிட்டது! அந்தத் தடை 1971-ல்தான் விலகிற்று.

வெளியே நின்ற கூட்டம்

இப்படி நாலு பக்கமும் இழுத்தால் கூட்டம் கரையாமல் என்ன செய்யும்? ஷாம்ராக் ரோவர்ஸ் 1984 முதல் 1987 வரை தொடர்ந்து நாலு வருஷம் லீக் பட்டத்தை வென்றது. ஆனாலும் மில்டவுன் பகுதியிலிருந்த அவர்களுடைய மைதானத்தில் படிக்கட்டுகள் காலியாகக் கிடந்தன. "வரவு போதவில்லை, மைதானத்தை விற்கப் போகிறோம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். 1987 ஏப்ரலில் அங்கே நடந்த கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலன் இல்லை.

அடுத்த பருவத்தில் அணி டோல்கா பார்க் என்ற வேறு மைதானத்தில் ஆடியது. அப்போதுதான் அந்த விசித்திரம் நடந்தது. உயிருக்குயிரான ரசிகர்கள் வாசல் வரை வந்தார்கள். உள்ளே மட்டும் போகவில்லை! வருகிற மற்றவர்களையும் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவரிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். பசி அவளுக்கும் உண்டு. ஆனால் சாப்பிட மாட்டாள். அதே கதைதான். உள்ளே ஆடிக்கொண்டிருந்தது அவர்கள் ஆசையாக வளர்த்த அணி. ஆரவாரம் காதில் விழும் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது லேசான காரியமா? 1988-ல் சொந்தக்காரர்கள் சங்கத்தை வேறு கைக்கு மாற்றினார்கள். மைதானம் மட்டும் திரும்பி வரவில்லை. மில்டவுனில் இப்போது வீடுகள் நிற்கின்றன. சாலையோரத்தில் ரசிகர்கள் வைத்த நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த அணிக்கு நிலையான ஜாகை இல்லை. ஒண்டுக்குடித்தனம்தான்! 2005-ல் கடன் கழுத்தை நெரித்தது; சரித்திரத்தில் முதல் தடவையாகக் கீழ்ப் பிரிவுக்கும் இறங்க நேர்ந்தது. அந்த வருஷம்தான், மாதாமாதம் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டுச் சேர்த்துவந்த சாதாரண ரசிகர்கள் சங்கத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லை தாண்டி வந்தவர்கள்

கூட்டம் என்றால் டெர்ரி நகரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அது பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தில் இருக்கிறது. கலவர காலத்தில், அந்த ஊரின் பிராண்டிவெல் மைதானத்துக்கு வர மற்ற அணிகள் மறுத்தன. 1972-ல் டெர்ரி சிட்டி அணி வடக்கு லீக்கை விட்டு வெளியேறியது. பதின்மூன்று வருஷம் அந்த ஊரில் பெரிய ஆட்டமே இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காலி மைதானத்தைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

1985-ல் தெற்கு லீக் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. உடனே ஊரே திரண்டுவிட்டது! ஆயிரக்கணக்கானவர்கள் பிராண்டிவெல்லில் கூடினார்கள். வெளியூர் ஆட்டமென்றால் பஸ் பஸ்ஸாக, சிப்பாய்கள் காவல் நின்ற எல்லைச் சாவடிகளைத் தாண்டிப் பிரயாணம் செய்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிப்போன ஊருக்கு வாரத்தில் ஒரு நாள் வேறு காரணத்துக்காகக் கத்த முடிந்தது. 1989-ல் லீக், லீக் கோப்பை, தேசியக் கோப்பை மூன்றையும் அந்த அணி ஒரே பருவத்தில் தட்டிக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்தவர்கள்

2003-ல் லீக் ஒரு நல்ல காரியம் செய்தது. குளிர்காலத்து ஆட்டங்களைக் கோடைக்கு மாற்றியது. பொழுது சாயாத வெள்ளிக்கிழமை மாலைகளில் குழந்தை குட்டிகளோடு வர ஜனங்களுக்குச் சௌகரியமாயிற்று. 2011-ல் பெண்களுக்கென்று ஒரு தேசிய லீக்கும் ஆரம்பமாயிற்று.

2009-ல் ஷாம்ராக் ரோவர்ஸ் கடைசியில் ஒரு வீடு கண்டது. நகரின் தென்மேற்கே, மலையடிவாரத்தில், டாலா என்ற புறநகரில் நகராட்சி கட்டிய அரங்கம் அது. அந்த ஜூலையில் ரியல் மாட்ரிட் அணிக்காக ரொனால்டோ முதன்முதலில் ஆடியதும் அங்கேதான். 2020 முதல் 2023 வரை ரோவர்ஸ் மறுபடியும் நாலு பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றது. 2020-ல் கொரோனா காரணமாகக் கதவுகள் அடைபட்டன. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டம் நடந்தது. கதவு திறந்ததும் ஜனங்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். இழந்து பார்த்தால்தானே அருமை தெரிகிறது!

2023 நவம்பரில் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு அவிவா அரங்கில் 43,881 பேர் வந்தார்கள். 2025 பிப்ரவரி 16-ந் தேதி அதே அரங்கில் பொஹிமியன்ஸும் ஷாம்ராக் ரோவர்ஸும் மோதிய லீக் ஆட்டத்துக்கு 33,208 பேர். லீக் ஆட்டங்களில் அதற்கு முன் கண்டிராத கூட்டம். பொஹிமியன்ஸ் ஒரு கோலில் ஜயித்தது. இரண்டு அணிகளில் ஒன்று அங்கத்தினர்களுடையது. மற்றொன்றைச் சாகவிடாமல் காப்பாற்றியவர்கள் அதன் ரசிகர்கள். காசுக்கணக்குப் பார்த்தவர்கள் "கூட்டம் இல்லை" என்று மைதானத்தை விற்றார்கள். மைதானத்தை இழந்தவர்கள் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இப்போது டாலிமவுண்டுக்கு நேர்மாறான தொல்லை. ஒரு காலத்தில் 45,000 பேரைத் தாங்கிய மைதானத்தின் படிக்கட்டுகள் பல சிதைந்துபோனதால், கடந்த சில வருஷங்களாக ஐந்தாயிரத்துக்கும் குறைவானவர்களையே உள்ளே விட்டார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். 2015-ல் மைதானத்தை வாங்கிய டப்ளின் நகரசபை, அதைப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டிருக்கிறது. கட்டட வேலைக்கென்றே உரிய தாமதங்கள் அங்கேயும் உண்டு. அதுவரை அந்தச் சந்துகளில் நடப்பவர்கள், சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.