ஒரு மூடித் தேங்காய்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில், துத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. எதிரே வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சு. உட்கார்ந்தால் தராசும் கல்லாவும் நேர் எதிரே. அன்று 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். ஆயிரம் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கம்பெனியில் பத்தாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதைக் கணக்கில் வைத்து, கடைக்கார பாய் அன்று சாயங்காலம் பொட்டலம் மடிக்க ஒரு பையனைக் கூட நிறுத்தியிருந்தார்.

ஷூ கம்பெனி விட்டது. நூற்றுக்கணக்கான பெண்கள் தோளில் டிபன் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ரோட்டுக்கு வந்தார்கள். கம்பெனி பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் கடைக்குப் போய் வர வேண்டும்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பேஸ்டிங்கில் வேலை என்று விரல்களே சொல்லின. ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து நுனிவிரல்களில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. தன் முறை வரும்வரை அதைக் கட்டைவிரல் நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள். கண் மட்டும் தராசை விட்டு நகரவில்லை.

"தொவரம் பருப்பு கால் கிலோ. எண்ணெ அரை லிட்டரு வாணாம் பாய், சின்ன பாக்கெட்டு குடு. பூண்டு நூறு."

பாய் எடை போட்டார். அவள் வாயசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷாம்பு வரி கொறஞ்சிச்சின்னாங்களே?"

"பெரிய டப்பாவுல கொறஞ்சிருக்கும்மா. சரத்துல அதே ரெண்டு ரூபாதான்."

செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, சோப்பு, பற்பசைக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருந்தது. 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கும் 5 சதவீதம்தான். ஷாம்புவை டப்பாவில் வாங்குகிற வீட்டுக்கு அந்தக் குறைவு உடனே தெரியும். அவள் சரத்தில் இரண்டைக் கிழித்துப் பையில் போட்டாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை சீரகச் சம்பா வாய் திறந்திருந்தது. ஆம்பூர்ப் பிரியாணிக்கு வழக்கமான அரிசி அதுதான். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனவள், விலையைக் கேட்காமலே, ஒரு மணியும் சிந்தாமல் திரும்ப மூட்டையில் விட்டாள். ரேஷனில் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். இந்த வட்டாரத்து வீடுகளில் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு அது பெரிய காரணம். சோற்றுக்கு மேல் வேண்டியதெல்லாம் இந்த மாதிரிக் கடையில்தான்.

"ஓ.டி. இல்ல பாய் இந்த மாசம்" என்றாள், அவர் எதுவும் கேட்காமலே. ஆகஸ்ட் 27-இலிருந்து, ஷூ உட்படப் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓ.டி. இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பாய் நோட்டைத் திருப்பினார். போன மாசப் பாக்கி 640. அவள் நானூறை எண்ணி வைத்தாள். "உரிமத் தொக பதினஞ்சாந் தேதி ஏறிடும். மீதிய அதுல வாங்கிக்கோ பாய்." அரசு தரும் ஆயிரம் ரூபாயில் இருநூற்று நாற்பது, வங்கிக்கு வரும் முன்பே நோட்டில் வரவு ஆகிவிட்டது.

அவளுடைய சம்பளச் சீட்டில் பஞ்சப்படி என்று ஒரு வரி இருக்கும். விலைவாசி ஏறினால் கூலியும் கூடவே ஏற வேண்டும் என்பதற்காக வந்தது அது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படிக்கு அளவுகோல் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண். ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் சராசரி எடுத்து, அடுத்த ஏப்ரல் 1 முதல் புள்ளிக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுப்பார்கள். ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னைக் கடைகளின் விலை ஆம்பூர்ச் சம்பளத்தில் இப்படித்தான் வந்து சேர்கிறது. அந்த அக்டோபரில் அவள் வாங்கியது 2024-ஆம் வருஷத்து விலைக்கான பஞ்சப்படி. தேங்காய் கிடுகிடுவென்று ஏறியதோ 2025-இல். அந்த ஏற்றம் சராசரியில் கரைந்து 2026 ஏப்ரலில்தான் சீட்டில் தெரியும். அதுவரை வித்தியாசத்தை அவள் தன் குழம்பிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

2016-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத் தொழிலாளர் பணியகம் குறியீட்டெண்ணைப் புதுப்பித்தபோது, தொழிலாளர் குடும்பச் செலவில் உணவின் பங்கு 46.2 சதவீதத்திலிருந்து 39.17 ஆக இறங்கியது. வைத்தியம், படிப்பு, போக்குவரத்து முதலான இதரச் செலவு 23.26-இலிருந்து 30.31 ஆக ஏறியது. வசதி வந்தால் சாப்பாட்டுப் பங்கு குறையும் என்பார்கள். இந்தக் கடை வாசலில் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. பள்ளி வேன் பணத்தையும் குழு லோன் தவணையையும் யாரும் கால் கிலோவாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பருப்பைத்தான் குறைக்க முடியும்.

தண்ணீர்க் கேன் வண்டி வந்து நின்றது. பாலாற்றங்கரை ஊர்களில் குடிதண்ணீரும் மாசச் செலவில் ஒரு வரி. தோல் ஷாப் கழிவால் இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டது என்ற கணக்கெடுப்பை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னது. 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. கிணறு உப்பாகிப்போன வீட்டுக்குப் பஞ்சப்படியில் புள்ளி கிடையாது. பாய் இரண்டு கேன் இறக்கிக்கொண்டார்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"தேங்கா இன்னா வெல?"

"முப்பத்தாறு."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஸ்டிச்சிங்கில் இருக்கிறவள் போல ஒரு சின்னப் பெண், துப்பட்டாவில் நூல் பிசிறுகள் ஒட்டியிருக்க, அரைக் கிலோ ரவையோடு நின்றிருந்தாள்.

"ஏய், தேங்கா பாதி எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கிறேன்க்கா."

ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பாய் கடை ஓரத்துக் கல்லில் சுற்றிச் சுற்றித் தட்டி உடைத்தார். தண்ணீரைப் பையன் ஒரு டம்ளரில் பிடித்தான். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைச் சின்னவளிடம் நீட்டினாள்.

கண் இருக்கிற மூடி சீக்கிரம் கெட்டுவிடும். சின்னப் பெண் அதைத்தான் முதலில் தொட்டாள். பெரியவள் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மற்ற மூடியைத் திணித்தாள்.

"உனுக்கு ஞாயித்துக்கெழம வரைக்கும் வரணும். நான் இன்னிக்கி ராத்திரியே அரைச்சிடுவேன்."

இரண்டு பேரும் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். பாய் நோட்டில் 240 என்று எழுதி, பக்கத்தில் 15 என்று போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார்.