தலைச்சுற்றுக்கெல்லாம் கழுத்து காரணமல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பக்கம் கழுத்து வலி இல்லாத வீடு குறைவு. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கொழுந்துக் கூடை சுமந்த மலை இது. கொப்பி திருத்தித் திருத்தி ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கழுத்து பிடிக்கும். அதனால் யாருக்காவது தலை சுற்றினால் "கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு, அதுதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். எக்ஸ்ரே எடுத்தால் தேய்வும் தெரியும். ஆனால் 60 வயது தாண்டிய பெரும்பாலானோருக்கு அது தெரியும், தலைச்சுற்றே இல்லாதவர்களுக்கும்தான். தேய்வு இருப்பது வேறு, தலை சுற்றுவதற்கு அதுதான் காரணம் என்பது வேறு.

எங்கள் உம்மாவுக்கு 2 வருடம் இப்படியே போனது. கழுத்துக்குக் கொலர், தைலம், வலி மாத்திரை. கட்டிலில் புரண்டால் அறை சுழலும். ஸுஜூதுக்குப் போனாலும் சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பயத்தில் படி இறங்குவதையே விட்டுவிட்டார். கடைசியில் ஒரு டொக்டர், எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேட்டார். தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி துடித்தது. கோளாறு உள்காதில். அங்குள்ள மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் விலகி, சமநிலையைக் காக்கும் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பலாம். ஜோன் எப்லி என்ற அமெரிக்க வைத்தியர் உருவாக்கிய முறை அது. சில நிமிட வேலைதான். இரண்டாவது தடவையோடு உம்மாவுக்கு நின்றது, அல்ஹம்துலில்லாஹ். கழுத்து வலி இன்னும் இருக்கிறது, தலைச்சுற்று இல்லை.

காரணம் எல்லோருக்கும் இதுவே அல்ல. எழுந்து நின்றவுடன் கண் இருட்டினால் பிரஷர் இறங்கியிருக்கலாம். பிரஷர் மாத்திரையும் அதைச் செய்யும். சீனி மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலையேறினால் சீனி இறங்கும். தோட்டத்து அக்காமாரிடம் இரத்தசோகையும் அதிகம். தலை சுற்றி உட்கார்ந்தால் அரைப்பேர்தான் விழும். உட்காராவிட்டால் சரிவில் விழ வேண்டியதுதான். ஆகவே இது சின்ன விஷயமில்லை.

கழுத்தாலும் தலைச்சுற்று வரலாம். கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. அந்தச் செய்தி பிழைத்தால் தள்ளாட்டம் வரும். கழுத்து வலியோடு சேர்ந்துதான் அது வரும். மற்றக் காரணங்களைப் பார்த்து விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். தேய்ந்த எலும்பு இரத்தக் குழாயை நெருக்குவது மிக அரிது.

இரண்டு விஷயங்களில் தாமதிக்க வேண்டாம். திடீரெனத் தலை சுற்றி, பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் சோர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரியவுக்கு எடுங்கள். மற்றது மெதுவாக வரும். பொத்தான் போட முடியாது, செருப்பு காலில் நிற்காது, நடை தள்ளாடும். அப்போது கழுத்தெலும்பு முள்ளந்தண்டு நரம்பை நெருக்குகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்காதீர்கள். உள்ளே இரத்தக் குழாய் கிழிந்தால் பெரிய ஆபத்து.

கிளங்கன் வைத்தியசாலைக்குப் போகும்போது "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்யும்போது, என்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை, நின்று தொழ முடியாதவர்கள் கதிரையில் தொழுங்கள். மார்க்கம் அதற்கு இடம் தந்திருக்கிறது.

எல்லோருக்கும் அல்லாஹ் ஆரோக்கியம் தரட்டும்.